கால் மடங்கும் அந்தக் கணம்

காலணியையும் காலுறையையும் கழற்றிவிட்டு ஒரு நாற்காலியில் உட்காருங்கள். இரண்டு பாதங்களும் தரையில் பதிந்திருக்கட்டும். வலது கணுக்காலின் வெளிப்பக்கத்தில் உருண்டையாகத் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பு தெரிகிறதல்லவா? அதற்குச் சற்றுப் பின்னால் இரண்டு விரல்களை வையுங்கள். இப்போது குதிகாலைத் தரையிலிருந்து எடுக்காமல், பாதத்தின் வெளி விளிம்பை, அதாவது சுண்டுவிரல் பக்கத்தை மட்டும் மேலே தூக்குங்கள்.

விரல்களுக்கு அடியில் ஒரு கயிறு விறைத்து எழும்புவதை உணர்வீர்கள். பாதத்தைத் தளர்த்தினால் அது அடங்கிவிடும். மறுபடியும் தூக்கினால் மறுபடியும் விறைக்கும்.

இந்த வாரம் அந்தக் கயிற்றைப் பற்றிப் பேசுவோம். வலைப்பந்து, காற்பந்து, பூப்பந்து, கைப்பந்து, செப்பாக் தக்ராவ், கபடி என்று நீங்கள் எதை விளையாடினாலும், குதித்து இறங்கும்போது கணுக்கால் மடங்காமல் இழுத்துப் பிடிப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. பயிற்சி முடிந்ததும் சுவரில் கை ஊன்றிக் கெண்டைக்கால் தசையை நீட்டிவிடுவதைப் பள்ளிக் குழுக்கள் பலவும் வழக்கமாகச் செய்கின்றன. ஆனால், காலின் வெளிப்பக்கத் தசையைப் பெரும்பாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. சுளுக்கு வந்த பிறகுதான் அதன் ஞாபகம் வருகிறது.

ஊக்கும் அதன் முள்ளும்

முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே இரண்டு எலும்புகள் உள்ளன. உடல் எடையைத் தாங்கும் தடித்த எலும்பு முன்பக்கம் இருக்கிறது. அதை ஒட்டி வெளிப்பக்கத்தில் மெல்லியதாக நிற்பது ஃபிபுலா. லத்தீன் மொழியில் அந்தச் சொல்லுக்கு ஆடையைச் செருகும் ஊக்கு என்று பொருள். இரண்டு எலும்புகளையும் சேர்த்துப் பார்த்தால், மெல்லிய எலும்பு பழங்கால ஊக்கின் முள்ளைப் போலவே இருக்கும். கிரேக்க மொழியில் அதே பொருள் தரும் சொல் பெரோனே. அதனால்தான் இந்தத் தசைகளைச் சில புத்தகங்கள் ‘பெரோனியல்’ என்றும் வேறு சில ‘ஃபிபுலாரிஸ்’ என்றும் அழைக்கின்றன. இணையத்தில் தேடும்போது இரண்டு பெயர்களும் கண்ணில் பட்டால் குழம்ப வேண்டாம். இரண்டும் ஒன்றுதான்.

ஃபிபுலாவின் வெளிப்பக்கத்தில் முக்கியமான தசைகள் இரண்டு. நீளமானது பெரோனியஸ் லாங்கஸ். அது முழங்காலுக்குச் சற்றுக் கீழே தொடங்குகிறது. குட்டையானது பெரோனியஸ் பிரெவிஸ். அது காலின் பாதி உயரத்துக்குக் கீழிருந்து வருகிறது. இரண்டும் கணுக்காலை நெருங்கும்போது கயிறாக மாறிவிடுகின்றன. தசையை எலும்போடு கட்டும் இந்தக் கயிற்றுக்குத் தசைநாண் என்று பெயர். சற்று முன் நீங்கள் தொட்டுப் பார்த்தது அதைத்தான். எலும்பின் பின்புறத்தைக் கிணற்றுக் கப்பியாக வைத்துக்கொண்டு, இரண்டு நாண்களும் அங்கே திசை மாறிப் பாதத்துக்குள் நுழைகின்றன.

குட்டைத் தசையின் நாண் சுண்டுவிரலுக்குப் போகும் நீள எலும்பின் அடியில் போய் ஒட்டிக்கொள்கிறது. பாதத்தின் வெளி விளிம்பில் கையை ஓட்டினால், ஏறக்குறைய நடுப்பகுதியில் ஒரு புடைப்பு தட்டுப்படும். அதுதான் அந்த இடம். பின்னால் மறுபடியும் அங்கே வருவோம், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நீளத் தசையின் பயணம் இன்னும் சுவாரசியமானது. அதன் நாண் பாதத்தின் வெளி விளிம்பில் அடிப்பக்கமாகத் திரும்பி, உள்ளங்காலைக் குறுக்கே கடந்து, பெருவிரலுக்குப் போகும் எலும்பின் அடியில் முடிகிறது. வெளிப்பக்கத்தில் இருக்கும் தசை பெருவிரல் பக்கத்தைப் பிடித்து இழுக்கிறது என்றால் நம்ப முடிகிறதா? தொட்டிலைத் தாங்கும் கயிறுபோல அது பாதத்தின் வளைவை அடியிலிருந்து தாங்குகிறது. தரையிலிருந்து எம்பும்போது பெருவிரல் பக்கத்தை அழுத்திப் பிடிப்பதும் அதுதான்.

இரண்டு தசைகளும் சேர்ந்து செய்யும் முக்கிய வேலை, பாதத்தின் வெளி விளிம்பை உயர்த்தி உள்ளங்காலை வெளிநோக்கித் திருப்புவது. பாதத்தைக் கீழ்நோக்கி அழுத்தவும் ஓரளவு உதவுகின்றன.

ஏன் எப்போதும் ஒரே பக்கம் மடங்குகிறது?

உங்கள் வகுப்பில் கணுக்கால் சுளுக்கியவர்களைக் கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் எல்லாருக்கும் பாதம் உள்நோக்கி மடங்கி, வெளிப்பக்கம்தான் வீங்கியிருக்கும். இது தற்செயல் அல்ல.

கணுக்காலின் இரு பக்கத்து எலும்புகளையும் தொட்டுப் பாருங்கள். வெளிப்பக்க எலும்பு உள்பக்க எலும்பைவிடக் கீழே இறங்கியிருக்கும். பாதம் வெளிநோக்கி மடங்கப் பார்த்தால் அந்த எலும்பே தடுப்புச் சுவராக நிற்கும். உள்பக்கத்தில் எலும்பையும் எலும்பையும் கட்டும் நார் அகலமாகவும் தடிப்பாகவும் இருக்கிறது. வெளிப்பக்கத்திலோ மூன்று தனித்தனி நார்கள். பள்ளியில் ‘லிகமென்ட்’ என்று படிப்பது இவற்றைத்தான். நாம் பிணைநார் என்று சொல்வோம். மூன்றில் முன்பக்கம் இருக்கும் பிணைநார்தான் சுளுக்கில் பெரும்பாலும் முதலில் கிழிகிறது.

இன்னொரு காரணமும் உண்டு. கணுக்கால் மூட்டுக்குள் பொருந்தியிருக்கும் எலும்பின் மேற்பகுதி முன்னால் அகலமாகவும் பின்னால் குறுகலாகவும் இருக்கிறது. பாதத்தை மேலே மடக்கினால் அகலமான பகுதி மூட்டுக்குள் இறுகப் பொருந்தும். விரல் நுனியைக் கீழே நீட்டினால் குறுகலான பகுதி உள்ளே வந்து மூட்டு சற்றுத் தளர்ந்துவிடும். வலைக்கு மேலே எம்பிப் பந்தை அடித்துவிட்டு இறங்கும்போது உங்கள் பாதம் எப்படி இருக்கும்? விரல்கள் கீழ்நோக்கி, மூட்டு மிகவும் தளர்ந்த நிலையில். அந்த நேரம் பார்த்து எதிரணி வீரரின் காலணிமீது மிதித்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

32 மில்லிவிநாடிக் கணக்கு

பாதம் உள்நோக்கி மடங்கத் தொடங்கியதும் வெளிப்பக்கத் தசை சட்டென்று இழுத்துப் பிடித்தால் சுளுக்கே வராதே, அது ஏன் நடப்பதில்லை? ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தசைக்குள் அதன் நீளத்தை ஓயாமல் அளந்துகொண்டே இருக்கும் மிக நுண்ணிய உணர்விகள் உள்ளன. தசை திடீரென்று இழுபட்டால் அவை தண்டுவடத்துக்குச் சமிக்ஞை அனுப்பும். தண்டுவடம் மூளையைக் கேட்காமலேயே ‘சுருங்கு’ என்று பதில் அனுப்பும். இதுதான் அனிச்சைச் செயல். முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டி மருத்துவர் சோதிப்பது இதே வகைச் செயலைத்தான்.

இந்தச் சமிக்ஞை நரம்பில் விநாடிக்கு ஏறத்தாழ 50 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். காலின் வெளிப்பக்கத் தசையிலிருந்து தண்டுவடம் வரை 80 சென்டிமீட்டர். போக வர 1.6 மீட்டர். 1.6ஐ 50ஆல் வகுத்தால் 0.032 விநாடி. அதாவது 32 மில்லிவிநாடி. அடேயப்பா, எவ்வளவு வேகம் என்று தோன்றும். ஆனால் இது வழிப்பயணம் மட்டும்தான். உணர்விகள் விழித்துக்கொள்ளவும், தண்டுவடத்தில் நரம்புக்கு நரம்பு செய்தி கைமாறவும் கூடுதல் நேரம் பிடிக்கும். பாதத்துக்கு அடியில் இருக்கும் பலகையைத் திடீரென்று சாய்த்துச் செய்த சோதனைகளில், இந்தத் தசைகளில் மின் துடிப்பு தோன்ற பெரும்பாலும் 60 முதல் 90 மில்லிவிநாடி வரை ஆகிறது. துடிப்பு தோன்றிய பிறகு தசை முறுக்கேறி உண்மையான இழுவிசை தர இன்னும் சில பத்து மில்லிவிநாடிகள் வேண்டும்.

சுளுக்கு அதுவரை காத்திருக்குமா? யாரையும் வேண்டுமென்றே சுளுக்க வைத்து அளக்க முடியாது. ஆனால் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் விளையாட்டு வீரர் ஒருவரைச் சட்டென்று திசை திரும்பி ஓடச் சொல்லிக் கேமராக்களால் பதிவு செய்துகொண்டிருந்தபோது, அவருடைய கணுக்கால் உண்மையிலேயே மடங்கிவிட்டது. நல்லவேளையாகக் காயம் லேசானதுதான். 2009இல் வெளியான அந்தப் பதிவின்படி, கால் தரையைத் தொட்ட 0.2 விநாடியில் பாதம் 48 பாகை உள்நோக்கித் திரும்பியிருந்தது. கண் சிமிட்டும் நேரம் என்கிறோமே, கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அனிச்சைச் செயலின் உதவி வந்து சேர்வதற்குள் பாதம் பாதி மடங்கிவிடுகிறது. அதன்மேல் உங்கள் முழு எடையும் இறங்கிக்கொண்டிருக்கிறது. ஓடும் லாரியைக் கையால் பிடித்து நிறுத்தப் பார்ப்பதுபோல்தான்.

அப்படியென்றால் நாம் ஒவ்வொரு முறை குதிக்கும்போதும் ஏன் சுளுக்குவதில்லை? பதில் அழகானது. உடல் முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. நீங்கள் குதித்து இறங்கும்போது, கால் தரையைத் தொடுவதற்கு முன்பே, காற்றில் இருக்கும்போதே வெளிப்பக்கத் தசைகள் லேசாக முறுக்கேறத் தொடங்குகின்றன. தரை எங்கே, எப்போது, எந்தக் கோணத்தில் வரும் என்று மூளை ஊகித்துவிடுகிறது. ஊகம் சரியாக இருந்தால் நீங்கள் எதையும் உணர்வதில்லை. ஊகம் தவறினால், அதாவது தரை இருக்க வேண்டிய இடத்தில் ஒருவருடைய காலணியோ திடலில் ஒரு குழியோ இருந்தால், கால் மடங்குகிறது.

ஆகவே கணுக்காலைக் காப்பாற்ற மூன்று தேவை. தசை இறுகிக் கிடக்காமல் முழு நீளத்துக்கும் வேலை செய்ய வேண்டும். அதற்குப் பலம் இருக்க வேண்டும். மூளையின் ஊகத்துக்குப் பழக்கம் இருக்க வேண்டும். நீட்சிப் பயிற்சி முதலாவதை மட்டும்தான் தருகிறது. காணொளிகளில் ‘இந்த ஒரு ஸ்ட்ரெட்ச் போதும், சுளுக்கே வராது’ என்று சொல்பவர்களை நம்பாதீர்கள்.

எந்தத் திசையில் நீட்டுவது?

எந்தத் தசையை நீட்டவும் ஒரே விதிதான். அந்தத் தசை என்ன செய்கிறதோ அதற்கு நேர் எதிர்த் திசையில் கொண்டுபோக வேண்டும். நம் தசைகள் பாதத்தை வெளிநோக்கித் திருப்புகின்றன, கீழ்நோக்கியும் அழுத்துகின்றன. அப்படியென்றால் நீட்ட வேண்டிய திசை உள்நோக்கி, மேல்நோக்கி.

நாற்காலியில் உட்கார்ந்து வலது கணுக்காலை இடது தொடைமீது வையுங்கள். வலது கையால் கணுக்காலுக்குச் சற்று மேலே காலைப் பிடித்துக்கொள்ளுங்கள். இடது கையால் பாதத்தின் முன்பகுதியைப் பிடித்து, முதலில் விரல்களை முழங்கால் பக்கமாக மடக்குங்கள். பிறகு, மடக்கியதை விடாமல், உள்ளங்கால் கூரையைப் பார்க்கும்படி மெதுவாகத் திருப்புங்கள். காலின் வெளிப்பக்கத்தில், முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவே ஓர் இதமான இழுப்பு தெரியும். அங்கேயே 20 முதல் 30 விநாடி நிறுத்துங்கள். மூச்சை அடக்க வேண்டாம். விட்டுவிட்டு, இரண்டு மூன்று முறை. பிறகு அடுத்த கால்.

கை எட்டவில்லை என்றால் துண்டு போதும். தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, பாதத்தின் முன்பகுதியில் துண்டைச் சுற்றி இரு முனைகளையும் பிடியுங்கள். பாதத்தை உங்கள் பக்கமாக இழுங்கள். பிறகு உள்பக்க முனையை, அதாவது வலது காலுக்கு இடது கையில் இருக்கும் முனையை, சற்றுக் கூடுதலாக இழுங்கள். பெருவிரல் பக்கம் உயர்ந்து பாதம் உள்நோக்கித் திரும்பும்.

முழங்கால் மடங்கியிருந்தால் என்ன, நேராக இருந்தால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. கெண்டைக்காலின் பெரிய தசை முழங்காலுக்கு மேலே தொடையெலும்பில் தொடங்குகிறது. அதனால் அதை நீட்ட முழங்காலை நேராக வைக்க வேண்டும். வெளிப்பக்கத் தசைகளோ முழங்காலைத் தாண்டிப் போவதில்லை. ஆகவே உட்கார்ந்தபடியே வசதியாக நீட்டிவிடலாம்.

‘விரல்களை மேலே மடக்கி’ என்று சொன்னதைத் தயவுசெய்து தவறவிடாதீர்கள். விரல்களைக் கீழே நீட்டியபடி பாதத்தை உள்ளே திருப்பினால், நாம் நீட்ட நினைத்த தசையைவிட, அடிக்கடி கிழியும் அந்த முன்பக்கப் பிணைநார்தான் அதிகமாக இழுபடும். தசை நீண்டு சுருங்குவதற்காகவே இருக்கிறது. பிணைநார் அப்படியல்ல. அது தளர்ந்துபோனால் மூட்டும் தளர்ந்துபோகும். அதே காரணத்தால் நின்றுகொண்டு, உடல் எடையைப் போட்டு, பாதத்தை உள்நோக்கிச் சாய்த்துச் செய்யும் நீட்சியும் வேண்டாம். யோசித்துப் பாருங்கள், அது சுளுக்கின் அசைவேதான்.

குலுக்கிக் குலுக்கி இழுப்பதும் பயனற்றது. திடீர் இழுப்பு என்றால் உணர்விகள் என்ன செய்யும் என்று சற்று முன் பார்த்தோம். ‘சுருங்கு’ என்ற கட்டளைதான் வரும். மெதுவாக இழுத்து நிறுத்தினால் அந்தக் கட்டளை வலுப்பதில்லை.

சில வாரம் இப்படிச் செய்தால் பாதம் கூடுதல் தூரம் திரும்பும். தசை நீளமாக வளர்ந்துவிட்டது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். ஆய்வுகள் வேறு மாதிரி சொல்கின்றன. முதல் சில வாரங்களில் தசையைவிட நரம்பு மண்டலம்தான் அதிகம் மாறுகிறது. முன்பு ‘போதும், வலிக்கிறது’ என்று சொன்ன இடத்தைத் தாண்டியும் இப்போது இழுப்பைப் பொறுத்துக்கொள்கிறது. அதிலும் பயன் இருக்கிறது. நாள் முழுவதும் காலணிக்குள் இறுகிக் கிடந்த கால் இலகுவாகும்.

நேரமும் முக்கியம். ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கும் மேலாக இழுத்து நிறுத்திவிட்டு உடனே விளையாடினால், அதன் பலம் சிறிது நேரத்துக்குச் சற்றுக் குறையலாம். போட்டிக்கு முன் மெல்லோட்டம், பக்கவாட்டு ஓட்டம், சின்னச் சின்னக் குதிப்புகள் என்று உடலைச் சூடேற்றுங்கள். நீண்ட நீட்சியை ஆட்டம் முடிந்த பிறகோ இரவு தொலைக்காட்சி பார்க்கும்போதோ வைத்துக்கொள்ளுங்கள்.

நீட்டும்போது கால் மரத்துப்போனாலோ மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீரென்று இருந்தாலோ நிறுத்திவிடுங்கள். முழங்காலுக்குச் சற்றுக் கீழே, ஃபிபுலாவின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு ஒரு நரம்பு தோலுக்கு மிக அருகில் ஓடுகிறது. வெளிப்பக்கத் தசைகளுக்குக் கட்டளை கொண்டுபோவது அதன் கிளைதான். நெடுநேரம் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தால் அது நசுங்கும்.

நடனமாடிய மருத்துவர்

இப்போது, நினைவில் வைக்கச் சொன்ன அந்தப் புடைப்புக்குத் திரும்புவோம்.

லிவர்பூல் நகரில் ராபர்ட் ஜோன்ஸ் என்ற எலும்பு அறுவை மருத்துவர் இருந்தார். எக்ஸ்ரே கதிர் 1895இல் கண்டுபிடிக்கப்பட்டது. மறு ஆண்டு பிப்ரவரியிலேயே ஒரு சிறுவனின் மணிக்கட்டில் புதைந்திருந்த குண்டைத் தேட அதைப் பயன்படுத்தியவர் அவர். ஒருநாள் அவர் நடனமாடிக்கொண்டிருந்தபோது, குதிகால் உயர்ந்திருந்த நேரத்தில் பாதத்தின் வெளிப்பக்கத்தை மிதித்துவிட்டார். ஏதோ விட்டுப்போனதுபோல் இருந்தது. பெரோனியஸ் லாங்கஸ் நாண்தான் அறுந்துவிட்டது என்று உடனே சந்தேகப்பட்டார். நண்பரின் துணையோடு நொண்டி நொண்டித் தம் வண்டிவரை நடந்தே போனார். பிறகு பாதத்தைச் சோதித்தபோது நாணுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தது. சக மருத்துவர் எடுத்த எக்ஸ்ரே படத்தைப் பார்த்தால், சுண்டுவிரலுக்குப் போகும் எலும்பு உடைந்திருந்தது!

தம் காலையும் அதேபோன்ற வேறு சிலருடைய கால்களையும் வைத்து 1902இல் அவர் ஒரு கட்டுரை எழுதினார். அந்த எலும்பில் குறிப்பிட்ட ஓர் இடத்தில் ஏற்படும் முறிவை இன்றும் மருத்துவ உலகம் ‘ஜோன்ஸ் முறிவு’ என்றுதான் அழைக்கிறது. கைதேர்ந்த எலும்பு மருத்துவருக்கே தம் காலில் எலும்பு உடைந்ததை உறுதிப்படுத்த எக்ஸ்ரே தேவைப்பட்டது. நம் வீட்டில் ‘நடக்க முடிகிறதே, வெறும் சுளுக்குத்தான்’ என்று தைலம் போட்டு உருவிவிட்டுப் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள்.

உங்கள் வயதில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பதின்ம வயதின் தொடக்கத்தில் அந்தப் புடைப்பில் இன்னும் முழுதாக எலும்பாகாத குருத்தெலும்பு வளர்ச்சிப் பகுதி ஒன்று இருக்கும். குட்டைத் தசை அந்த இடத்தை ஓடும்போதும் குதிக்கும்போதும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. கிடுகிடுவென்று உயரும் மாதங்களில் தசைகள் இறுக்கமாகி இழுப்பு கூடும். பாதத்தின் வெளி விளிம்பில் அந்த இடம் மட்டும் வீங்கி, தொட்டால் வலிக்கும். 1912இல் இதை விவரித்த மருத்துவரின் பெயரால் இதற்கு இசெலின் நோய் என்று பெயர். நோய் என்றதும் பயப்பட வேண்டாம். ஓய்வும் விளையாட்டைச் சில காலம் குறைப்பதும் பெரும்பாலும் போதும். எலும்பு முழுமையாகச் சேர்ந்ததும் தொல்லை தீர்ந்துவிடும். ஆனால் வலியைப் பொறுத்துக்கொண்டு, ‘நீட்டினால் சரியாகிவிடும்’ என்று பாதத்தை முறுக்குவது தவறு. இழுப்புதான் அங்கே பிரச்சினை.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்? கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட ஒரு விதித்தொகுப்பை உலகெங்கும் அவசரப் பிரிவுகளில் பயன்படுத்துகிறார்கள். கணுக்காலின் இருபுறத்து உருண்டை எலும்புகளின் நுனியிலோ பின் விளிம்பிலோ அழுத்தினால் வலிக்கிறதா? நம் புடைப்பிலோ, பாதத்தின் உள்பக்கம் வளைவுக்கு மேலே இருக்கும் எலும்பிலோ அழுத்தினால் வலிக்கிறதா? அடிபட்ட உடனேயும் மருத்துவமனையிலும் நான்கு எட்டு எடுத்துவைக்க முடியவில்லையா? ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். இது மருத்துவர்களுக்கான விதிதான். ஆனாலும் அம்மா அப்பாவிடம் ‘கிளினிக்குக்குப் போகலாம்’ என்று சொல்ல உங்களுக்கு இது போதும். கணுக்காலைச் சுழற்றும்போது வெளிப்பக்க எலும்பின்மேல் கயிறு தாவிக் குதித்தாலும் காட்டிவிடுங்கள். நாண் தன் இடத்திலிருந்து நழுவுகிறது என்று பொருள்.

அடுத்த வாரம் மாவட்டப் போட்டி

சுளுக்கில் கொடுமையான விஷயம், அது திரும்ப வரும் என்பதுதான். ஒருமுறை சுளுக்கிய கணுக்கால் மீண்டும் சுளுக்குவதற்கு வாய்ப்பு அதிகம். வீக்கம் வடிந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்கிறோம். பிரிட்டிஷ் எலும்பு மருத்துவர் மைக்கல் ஃப்ரீமன் 1965இல் ஒரு விளக்கம் தந்தார். கிழிந்த பிணைநாரோடு சேர்ந்து அதிலிருக்கும் நுண்ணிய நரம்பு முனைகளும் சேதமடைகின்றன, அதனால் பாதம் எந்தக் கோணத்தில் இருக்கிறது என்ற தகவல் மூளைக்குச் சரியாகப் போவதில்லை என்றார். ஆடும் பலகைமேல் நிற்கும் பயிற்சியை அவர் பரிந்துரைத்தார். அவர் சொன்ன காரணம் முழுக்கதை அல்ல என்று பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் ஆடும் பலகை மட்டும் இன்றுவரை நிலைத்துவிட்டது.

அது உண்மையிலேயே உதவுகிறதா? அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் உயர்நிலைப்பள்ளிக் காற்பந்து, கூடைப்பந்து ஆட்டக்காரர்கள் 765 பேரைக் கொண்டு சோதித்தார்கள். ஒரு பிரிவினர் பருவம் தொடங்கும் முன்பிருந்தே சமநிலைப் பயிற்சி செய்தார்கள். இன்னொரு பிரிவினர் வழக்கமான பயிற்சியோடு நிறுத்திக்கொண்டார்கள். 2006இல் முடிவு வெளியானது. பயிற்சி செய்தவர்களில் 6.1 விழுக்காட்டினருக்குச் சுளுக்கு வந்தது. செய்யாதவர்களில் 9.9 விழுக்காடு. நூறு பேர் கொண்ட கூட்டத்தில் ஏறத்தாழ நான்கு பேர் தப்பியிருக்கிறார்கள். மாயமந்திரம் இல்லை. ஆனால் அந்த நால்வரில் ஒருவராக நீங்கள் இருந்தால் அது சின்ன எண் அல்லவே!

மாவட்டப் போட்டி அடுத்த வாரம், உங்கள் கணுக்கால் போன வாரம் சுளுக்கியது என்று வைத்துக்கொள்வோம். கட்டுப்போட்டுக்கொண்டு இறங்கிவிடலாமா? ஒற்றைக் காலில் வலியின்றிக் குதிக்க முடியாதவர் இறங்கக் கூடாது என்பது என் கருத்து. பயிற்றுநரிடம் இதைச் சொல்வதற்குத் தயங்காதீர்கள். புதிதாகச் சுளுக்கிய காலுக்கு இந்த நீட்சியும் இப்போது கூடாது. கிழிந்த நார் ஒட்டிக்கொண்டிருக்கும்போது அதே திசையில் இழுப்பது ஆறாத புண்ணைக் கிளறுவதாகும். வெளிப்பக்கத் தசை இறுகியிருப்பதுகூடக் காயத்தைக் காக்க உடல் செய்யும் ஏற்பாடாக இருக்கலாம். முதல் சில நாள் அழுத்தி உருவிவிடுவதும் வேண்டாம். வலி அடங்கிய பிறகு எப்போது தொடங்கலாம் என்று மருத்துவரோ பிசியோதெரபிஸ்ட்டோ சொல்லட்டும்.

காயம் இல்லாதவர்கள் இன்றே தொடங்கலாம். பலத்துக்கு ஒரு ரப்பர் பட்டை போதும். அதை இரு பாதங்களையும் சுற்றி மாட்டி, குதிகால்களை அசைக்காமல், பாதத்தின் முன்பகுதியை வெளிநோக்கித் தள்ளுங்கள். திரும்பி வரும்போது பட்டை சட்டென்று இழுத்துவிடாமல் மெதுவாக வர வேண்டும். 10 முதல் 15 முறை, இரண்டு மூன்று சுற்று. சமநிலைக்கு ஒற்றைக் காலில் 30 விநாடி நில்லுங்கள். எளிதாகிவிட்டால் நிற்கும்போதே நண்பர் எறியும் பந்தைப் பிடியுங்கள். அதுவும் எளிதாகிவிட்டால் மடித்த போர்வைமேல் நில்லுங்கள்.

ஒருமுறை சுவருக்குப் பக்கத்தில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, தம்பியையோ தங்கையையோ கூப்பிட்டு, கணுக்காலின் வெளிப்பக்க எலும்புக்குப் பின்னால் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கயிறுகள் ஓயாமல் துடித்துக்கொண்டிருக்கும். இப்போது கண்களை மூடுங்கள். துடிப்பு இன்னும் கூடும். கண் தந்த தகவல் நின்றுவிட்டதால், பாதத்திலிருந்து வரும் தகவலையும் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பையும் மட்டுமே நம்பி மூளை திருத்திக்கொண்டே இருக்கிறது.

கடைசியாக ஓர் அளவெடுப்பு. வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நின்று, பெருவிரலைச் சுவரிலிருந்து சற்றுத் தள்ளி வையுங்கள். குதிகால் தரையைவிட்டு எழும்பாமல் முழங்கால் சுவரைத் தொட வேண்டும். தொட்டால் பாதத்தை இன்னும் சற்றுப் பின்னால் நகர்த்தி மறுபடியும் முயலுங்கள். எவ்வளவு தூரம் வரை முடிகிறது என்று அடிக்கோலால் அளந்து, இரு காலுக்கும் தனித்தனியே குறித்துக்கொள்ளுங்கள். 10 சென்டிமீட்டரை ஒட்டி வருவது வழக்கம். அதைவிட முக்கியம் இரு கால்களுக்கும் இடையே உள்ள வித்தியாசம். ஒரு கால் மட்டும் சில சென்டிமீட்டர் பின்தங்கினால், அந்தப் பக்கம் கெண்டைக்கால் நீட்சியையும் சேர்த்துச் செய்யுங்கள். கண்ணை மூடி ஒற்றைக் காலில் எத்தனை விநாடி நிற்க முடிந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதி, தேதியைப் போடுங்கள். நான்கு வாரம் கழித்து அதே சுவரில், அதே நேரத்தில், அதே வெறுங்காலோடு மறுபடியும் அளந்து பாருங்கள்.